சாக்பீஸ் கோட்டைச் சட்டம் என்று நம்பிய தெரு

மேடையின் நடுநாயகமாக, ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் மணியையும் பிடித்தபடி வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! துணியை வெட்டுவதில் தெருவுக்கே மூத்தவரே, என் பேச்சை வெட்டுவதில் உலகத்துக்கே மூத்தவரே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று இப்போதே வேர்க்கத் தொடங்கியிருக்கும் சங்கத்துப் பெரியவர்களே! காலர் தைத்தே கண் தேய்ந்த மூத்தவர்களே! மடியில் பிள்ளையும் மனதில் அடுப்பும் வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டு, பிடித்த இடத்தில் பேசிக்கொண்டே இருக்கும் சகோதரிகளே! மாலை வகுப்பு முடித்துச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே! கடைசியாக, கடைசி வரிசையில், கதவோரத்தில், என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நாற்காலியையே சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு அமர்ந்திருக்கும் உறவுக்காரர் ஒருவரே! எல்லோருக்கும் என் வணக்கம். ஆமாம், அவருக்கும்தான். குடிமக்களில் ஆள் பார்த்து வணக்கம் வைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வேறு வழியில்லை.

தலைவரிடம் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு விழாவில் இதே மேடையில், இதே மைக்கில், நான் "ஆகவே" என்று சொன்னேன். சொன்ன உடனே மணி அடித்தார். அந்த "ஆகவே"க்குப் பிறகு என்ன என்று இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அது என் தொண்டையிலேயே இருக்கிறது. சோறு போகிறது, தண்ணீர் போகிறது, அது மட்டும் போகவில்லை. இன்றைக்கு அதை இறக்கி வைக்காமல் இந்த மேடையைவிட்டு இறங்க மாட்டேன். மணியை என் பையில் போடுங்கள். சிரிக்காதீர்கள், போடுங்கள். நன்றி.

என்ன பேசச் சொன்னார்கள்? நாடு நடக்கும் விதத்தை நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு! பள்ளிக்கூடத்தின் உள்ளே இருந்ததைவிட வாசலில் நிற்க வைக்கப்பட்டதுதான் எனக்கு அதிகம். ஆனால் வாசலில் நின்றாலும் காது உள்ளேதான் இருந்தது. கேட்டதை மறக்க மாட்டேன். யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், சொல்லும்போது வாயில் எதை மென்றுகொண்டிருந்தார், எல்லாம் எனக்குள் பத்திரமாக இருக்கும். இதற்கு என் வீட்டில் "வன்மம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மாலை வகுப்புக்கு வந்தேன். ஆசிரியர் இதற்கு "ஆதாரம்" என்று பெயர் வைத்தார். பெயர் மாறியது, மரியாதையும் வந்தது! கைதட்டுவதாக இருந்தால் இப்போதே தட்டிவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது.

சரி, கதைக்கு வருகிறேன்.

நம் தெருவில் வீட்டுக்கு வீடு முன்னறையில் ஒரு தையல் மிஷின். ஒரு வீட்டில் காலர், ஒரு வீட்டில் கை, ஒரு வீட்டில் பை. எல்லாம் சேர்ந்து சட்டையானதும் தெருக்கோடி வீட்டுக்குப் போகும். அங்கேதான் காஜா. பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி நூல் கட்டுவதற்குத்தான் காஜா என்று பெயர். வெளியூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். காஜா எடுக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு யாரும் வேலைக்குப் போக முடியாது. போனால் திரும்பி வர முடியாது! தெரு முழுவதற்கும் காஜா மிஷின் ஒன்றே ஒன்று. அது என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை. நான் பேசாதவர். கடைசி வரிசையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். வராமல் விடுவேனா?

இந்தச் சட்டைகள் எங்கே பிறக்கின்றன? நம் தலைவரின் வெட்டுப் பலகையில். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. துணியை விரிப்பார், சாக்பீஸால் கோடு போடுவார், கத்தரியை எடுப்பார். கத்தரி துணியைத் தொட்டதும் பலகையை ஒரு தட்டுத் தட்டி, "சட்டை!" என்று சத்தம் கொடுப்பார். அந்த நொடிக்குப் பிறகு அதைத் துணி என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். கை ஒட்டியிருக்காது, காலர் ஏறியிருக்காது, காஜா எடுத்திருக்காது. இருந்தாலும் அது சட்டைதான். வெட்டியாகிவிட்டது, இனி மாற்றம் இல்லை. கொடுத்தவர் ஓடி வந்து, "ஐயா, நீளக் கை வேண்டாம்" என்று அழுதாலும் இல்லை. இதுதான் நம் தெருவின் சட்டம். நல்ல சட்டம். ஆனால் இந்த நல்ல சட்டம்தான் நம்மைக் குழியில் தள்ளியது. எப்படி? கேளுங்கள்.

ஒரு நாள் காலை. மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிற நேரம். எல்லோருடைய போனிலும் ஒரே குரல். இரண்டு தடவை தொண்டையைச் செருமியது. பிறகு பேசியது. "அன்பு நெஞ்சங்களே, அவசரம்! நேற்று நாடாளுமன்றத்தில் வந்துவிட்டது சட்டம். வீட்டுக்குள் மிஷின் ஓட்டினால் மாதம் முடிந்ததும் பறிமுதல். இதை இன்றே பகிருங்கள், நாளை பகிர்ந்தால் பயனில்லை!"

அடடா! அன்றைக்குத் தெரு பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! கேட்டதை நம்பினோம், நம்பியதைப் பரப்பினோம், பரப்பியது சுற்றி வந்து நம் காதிலேயே மறுபடி விழுந்தது, "பார்த்தியா, அவங்களும் சொல்றாங்க" என்று இன்னும் பயந்தோம்! நம் குரலையே சாட்சியாக வைத்து நமக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு நீதிமன்றம் உண்டா?

நான் நேராக வெட்டுக் கடைக்குப் போனேன். தலைவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது, நிஜமா?" என்றேன்.

"பேப்பர்லயும் ஒரு ஓரத்துல போட்டிருக்கான், மசோதா தாக்கல்னு. தாக்கல் பண்ணிட்டாங்கன்னா வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். இனி ஒண்ணும் பண்ண முடியாது."

பார்த்தீர்களா? பலகையைத் தட்டி "சட்டை!" என்று கூவியே வாழ்ந்த மனிதர். தாக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் காதில் கத்தரிச் சத்தம் கேட்டுவிட்டது! அவரைக் குறை சொல்லவில்லை. தெருவே அப்படித்தான் நினைத்தது. தையல்காரர்கள் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. சமையல்காரராக இருந்தால், "அரிசிதானே களைஞ்சிருக்காங்க, இன்னும் வேகணுமே" என்று நிதானமாக இருந்திருப்பார்.

மத்தியானத்துக்குள் தெருமுனையில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. பழைய இரும்பும் பழைய மிஷினும் வாங்குகிறவர். இரும்பு எங்கே இருந்தாலும் அங்கே போய் ஒட்டிக்கொள்வதால் அவருக்குக் "காந்தம்" என்று பெயர். "பறிமுதல் ஆனா ஒண்ணுமே வராது, என்கிட்ட கொடுத்தா ஏதோ வரும்" என்று வீடு வீடாக இனிக்க இனிக்கப் பேசினார். பை தைக்கிற வீட்டு மிஷின் அன்றைக்கே வண்டியேறியது. அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்று, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் என் மருமகள் வந்து சொன்னாள்.

"அத்தை, சின்னத்தையும் காஜா மிஷினைக் கொடுக்கறாங்களாம். நாளைக்குக் காலைல ஏத்தறாங்க."

அந்த மிஷின் போனால் நாத்தனாருக்கு வேறு பிழைப்பு இல்லை. கணவர் இல்லை, பிள்ளை கைக்கு வரவில்லை. ஒன்று போனால் இன்னொன்று வாங்க அவரால் ஆகாது. அவர் போகட்டும், தெருவின் சட்டைகள் எல்லாம் பட்டனுக்கு வழியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்!

நான் கேட்டேன், "யாரு சொன்னதாம், சட்டம்னு?"

"எல்லாரும் சொல்றாங்க அத்தை."

"எல்லாரும்னா யாரு? அந்த எல்லாருக்கும் வீடு எங்க இருக்கு? கதவைத் தட்டினா யாரு வந்து திறப்பா?"

அவள் யோசித்தாள். போனை எடுத்து அந்தக் குரலை மறுபடி போட்டாள். செருமல், இன்னொரு செருமல், "அன்பு நெஞ்சங்களே, அவசரம்!"

எனக்குப் பொறி தட்டியது. இந்தத் தொண்டையை எனக்குத் தெரியும்! ஒரு வீட்டுக்கு ஒரு ஊசிதான் என்று சட்டம் வரப்போகிறது என்று முன்பு ஒரு செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தெருவே ஊசியை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தது; பிறகு சோறு சாப்பிடப் பயந்தது! அப்போதும் இதே செருமல். நூல்கண்டுக்கு அளவு கட்டுகிறார்கள் என்று வந்ததே? அப்போதும் இதே "அன்பு நெஞ்சங்கள்". நீங்கள் மறந்துவிட்டீர்கள். நான் மறப்பேனா? அந்தச் செருமலோடு எனக்குத் தனிப் பகையே இருக்கிறது.

ஆனால், தாய்மார்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். முன்பு இரண்டு தடவை பொய் சொன்ன தொண்டை, மூன்றாம் தடவை தவறிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் அல்லவா? ஞாபகம் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். தீர்ப்பைக் கொடுக்காது. தீர்ப்புக்கு வாசற்படி ஏற வேண்டும். எந்த வாசற்படி? சட்டம் எங்கே பிறக்கிறதோ அந்த வாசற்படி!

"நாடாளுமன்றத்துக்குப் போன் போடு" என்றேன்.

மருமகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தை, அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க போன் பண்ற இடமா?"

"ஓட்டுப் போடற இடம் மட்டும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. போன் போடற இடம் வேற யாருக்கோவா?"

போட்டாள் பாருங்கள்! நாடாளுமன்றம் தானே நடத்துகிற பக்கத்தில், தகவல் பிரிவின் எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. நாம்தான் அந்தப் பக்கம் போனதே இல்லை. மருமகள் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போட்டாள். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், நாடாளுமன்றத் தகவல் பிரிவு."

"பார்லிமெண்டா பேசறது?"

"தகவல் பிரிவும்மா. சொல்லுங்க."

"வீட்டு மிஷினெல்லாம் பிடுங்கறதுக்கு நேத்து வெட்டிட்டீங்களாமே?"

"எதை வெட்டினோம்மா?"

"சட்டத்தை!"

பாவம், அந்த வேலைக்குச் சேரும்போது இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு தேடிப் பார்த்துச் சொன்னாள். "நேத்து வீட்டுத் தொழில் சம்பந்தமா ஒரு மசோதா அறிமுகம் ஆயிருக்கும்மா. அரசாங்கம் கொண்டு வரல, ஒரு உறுப்பினர் தன் பேர்ல கொண்டு வந்திருக்கார். குடியிருக்கற வீட்டுக்குள்ள சாயத் தொட்டி வைக்கக் கூடாதுன்னு. தையல் மிஷின்ங்கற வார்த்தையே அதுல இல்ல."

"சாயத் தொட்டியா! எங்க தெருவுல சாயம் போறதுதான் உண்டு, போடறது கிடையாதே! சரி, அது சட்டம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா, வெறும் அறிமுகம். இனிமேதான் விவாதம். குழுவுக்கு அனுப்பினா அவங்க ஒவ்வொரு வரியா பார்ப்பாங்க. அப்புறம் ஓட்டு. அப்புறம் இன்னொரு சபை இருக்கு, அங்கயும் இதேதான். ரெண்டு சபையும் ஒத்துக்கிட்டா நாட்டுத் தலைவர் கையெழுத்து. அதுக்கு மேல அரசிதழ்ல வந்து, என்னைக்கு நடைமுறைன்னு சொன்னாதான் சட்டம்."

"நடுவுல யாராவது வேண்டாம்னா?"

"திருத்துவாங்க. நிறுத்துவாங்க. கொண்டு வந்தவரே திரும்ப வாங்கிக்கவும் செய்யலாம். எத்தனையோ மசோதா பாதி வழியிலேயே நின்னுடும்மா."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. "அப்ப நீங்க வெட்டவே இல்ல! சாக்பீஸ்ல கோடுதான் போட்டிருக்கீங்க!"

அவள் யோசித்தாள். "அப்படியும் சொல்லலாம்மா" என்றாள்.

அப்படித்தான் சொல்ல வேண்டும், அன்பர்களே! அழுத்திப் போட்ட கோடும் கோடுதான், சிவப்பில் போட்ட கோடும் கோடுதான். தட்டினால் போகும், தேய்த்தால் போகும், தள்ளிப் போடு என்றால் தள்ளிப் போகும். கத்தரிக்கு முன்னால் எத்தனை கை! விவாதம் ஒரு கை, குழு ஒரு கை, ஓட்டு ஒரு கை, மறு சபை ஒரு கை, கையெழுத்து ஒரு கை. இத்தனை கை தாண்டி வர வேண்டியதை, காலையில் வந்த செருமலைக் கேட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் நாமே வெட்டி, நாமே தைத்து, நாமே போட்டுக்கொண்டு, "ஐயோ, இறுக்குதே!" என்று அழுதோமே, இதை எங்கே போய்ச் சொல்ல?

தலைவரே, என்ன தேடுகிறீர்கள்? மணி பையில் இருக்கிறது. பை என் நாற்காலியில் இருக்கிறது. நிம்மதியாக உட்காருங்கள்.

இப்போது கதையின் கழுத்துக்கு வருகிறேன். கழுத்து என்றதும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி அசைகிறது, பார்த்தீர்களா? என் மகளின் கல்யாணத்துக்கு நானே என் கையால் உடுப்பு தைத்தேன். கண் விழித்துத் தைத்தேன். அந்தக் கூட்டத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், என் நாத்தனார் "கழுத்து கோணல்" என்று சொன்னார் என்று என் காதுக்கு வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. மகளுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கே மீசை முளைத்துவிட்டது. பேச்சு மட்டும் முளைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். உண்மை என் கையில் இருக்கிறது. மிஷின் அவர் வீட்டில் இருக்கிறது. காலையில் வண்டி வரும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. "கோணல்னு சொன்னாயே, இப்ப காஜாவுக்கு எங்க போவே?" என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? கேட்டது. நல்ல கணீரென்று கேட்டது. நான் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை.

ஆனால் அந்தச் செருமல் தொண்டை நினைவுக்கு வந்தது. ஊரை ஏமாற்ற அது பொய் சொன்னது. தெரிந்த உண்மையைச் சொல்லாமல் ஒளித்து வைத்தால், எனக்கும் அந்தத் தொண்டைக்கும் என்ன வித்தியாசம்? அதுவாவது செருமியது, நான் செருமக்கூட இல்லை! என் பகை பெரியதுதான். இருந்தாலும் அந்தத் தொண்டையோடு ஒரே வரிசையில் நின்று வளர்க்க வேண்டிய அளவுக்குப் பெரியது இல்லை.

காலையில் மருமகளைக் கூட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். காந்தத்தின் ஆட்கள் மிஷினைப் பலகையிலிருந்து கழற்றி, வாசல் வரைக்கும் தூக்கி வந்துவிட்டார்கள். நாத்தனார் அது இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது? பக்கத்தில் சுவர் இருந்தது. சுவரைப் பார்த்துப் பேசினேன்.

"சட்டம் ஒண்ணும் வரல. வெறும் கோடுதான் போட்டிருக்காங்க. அதுவும் சாயத் தொட்டிக்கு. மிஷினைக் கொடுக்க வேண்டாம்னு சொல்றவங்க சொல்றாங்க."

அவர் என் மருமகளைப் பார்த்துச் சொன்னார், "உன் மாமியார்கிட்ட சொல்லு. இத்தனை வருஷமா இல்லாத அக்கறை இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்? என் மிஷின் மேல கண்ணா?"

"இந்த ஓட்டை மிஷினை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்னு கேளு!"

"ஓட்டை போடறதுக்குத்தான் அந்த மிஷினேன்னு சொல்லு!"

பதில் சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரியாகத்தான் இருந்தது. காந்தம் நடுவில் புகுந்து, "சீக்கிரம் சொல்லுங்கம்மா, வண்டி நிக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் ஏன் என்னை நம்ப வேண்டும்? செருமலை நம்பியது தப்பு என்றால், பகைக்காரியை நம்புவது மட்டும் சரியாகிவிடுமா? "நான் சொல்றதை நம்ப வேண்டாம்" என்று சுவரிடம் சொன்னேன். "நம்பர் சொல்றேன், அவங்களே கேட்டுக்கட்டும்." முந்தின நாள் ஒரே தடவை காதில் விழுந்த எண்ணை ஒரு இலக்கம் பிசகாமல் ஒப்பித்தேன். அப்போதும் அவர் நம்பவில்லை. "அந்த நம்பர் நிஜமாவே அவங்களதுதானா?" என்று மருமகளிடம் கேட்டு, அந்தப் பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போட்டார். உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்: கெட்டிக்காரி.

அதே பெண் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தை ஏற்றி வைத்தார்கள்.

"வீட்டு மிஷின் சட்டம் பத்திக் கேக்கணும்" என்றார் நாத்தனார்.

"அம்மா, நேத்துதானே விளக்கமா சொன்னேன்? சாக்பீஸ் கோடுன்னு நீங்களே சொன்னீங்களே!"

"அது நான் இல்ல. அது வேற ஆளு. அவங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல!"

நாடாளுமன்றத் தகவல் பிரிவுக்கு அன்றைக்குக் கிடைத்த தகவல் அது! அவளோ பொறுமையாக, முந்தின நாள் சொன்னதை முதலிலிருந்து ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். கவனியுங்கள்: யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும் உண்மைக்கு ஒரே பதில்தான். பொய்தான் ஆளுக்கு ஏற்ற மாதிரி அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும்.

நாத்தனார் போனை வைத்தார். மூக்கை உறிஞ்சினார். "இறக்குங்கடா மிஷினை" என்றார். ஏற்றவே இல்லையே, எங்கே இறக்குவது என்று அந்த ஆட்கள் விழித்தார்கள். நின்ற இடத்திலேயே வைத்தார்கள்.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் செருமலைக் கிளப்பிவிட்டது அவர்தான் என்று தெருவில் பலர் சொல்கிறீர்கள். எனக்கும் சொல்ல ஆசைதான். ஆசை நாக்கு நுனியில் வந்து ஊஞ்சல் ஆடுகிறது. ஆனால் விசாரித்துப் பார்த்தேன். நூல் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்து ஊர் வரைக்கும் போய் அறுந்துவிட்டது. ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகையால் சொல்ல மாட்டேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான். பார்வைக்கு ஆதாரம் தேவை என்று எந்தச் சபையிலும் சட்டம் வரவில்லை, விசாரித்துவிட்டேன். பை தைக்கிற வீட்டு மிஷினை, உண்மை தெரிந்ததும் நாங்கள் போய்க் கேட்டபோது, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது திருப்பிக் கொடுத்தார். அதுவும் உண்மை. அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூடத்தில் மாலை வகுப்பு தொடங்கியது. சட்டம் எங்கே பிறக்கிறது, பணம் எங்கே ஒதுங்குகிறது, அமைச்சர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, நம் உறுப்பினரை எந்தக் கேள்வி கேட்கலாம் என்று படித்தோம். குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது என்று தெரிந்ததும் நம் சங்கமும் கருத்து அனுப்பியது, "சாயத் தொட்டியைத் தடுக்கும்போது தையல் மிஷினைத் தொட மாட்டோம் என்று தெளிவாக எழுதுங்கள்" என்று. அந்த மசோதா இன்னும் குழுவில்தான் கிடக்கிறது. நான் அவ்வப்போது போன் போட்டு நலம் விசாரிக்கிறேன். என் குரலைக் கேட்டதும் அந்தப் பெண், "காஜா அம்மாவா?" என்கிறாள். காஜா அவர், நான் காலர் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. நாடாளுமன்றத்தில் இந்த ஒரு தகவலை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை.

வகுப்பில் நான் கற்றதில் கசப்பான பாடம் ஒன்று உண்டு. எனக்குப் பிடிக்காத செய்தியைச் சரிபார்ப்பது சுகம். பிடித்த செய்தியைச் சரிபார்ப்பது நரகம்! எனக்கு ஆகாத உறுப்பினர் ஒருவர், சபையில் தூங்கி விழுகிறார் என்று ஒரு படம் வந்தது. ஆகா! ஊருக்கெல்லாம் அனுப்ப விரல் துடித்தது. பாழாய்ப்போன வகுப்பு ஞாபகம் வந்தது. தேடிப் பார்த்தால், அந்தப் படத்தில் இருப்பவரே வேறு ஆள். தூங்கவும் இல்லை, கழற்றிப் போட்ட செருப்பைக் குனிந்து தேடியிருக்கிறார்! அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் அனுப்பவில்லை. பகைவனைப் பற்றிச் சொன்னாலும் பொய் பொய்தானே, தாய்மார்களே? நமக்குப் பிடித்துப்போனதால் பொய் உண்மையாகிவிடுமா?

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மருமகள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டாள், "அத்தை, கழுத்து கோணல்னு சின்னத்தை சொன்னாங்கன்னு சொல்றீங்களே, அதை என்னைக்காவது சரிபார்த்தீங்களா?"

நாட்டு விவகாரத்தை நாடாளுமன்றம் வரை துரத்தியவள், வீட்டு விவகாரத்தைக் காதோடு விட்டிருக்கிறேனே! உடனே கிளம்பினேன். சம்பந்தி அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, என் பக்கத்துல நின்னுதான் சொன்னாங்க" என்றார். ஒரு சாட்சி போதாது என்று தெருக்கோடிக்கே போய்ச் சுவரிடம் கேட்டேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: "சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

ஊர்ஜிதம்! எல்லோரும் என்ன எதிர்பார்த்தீர்கள்? அவர் சொல்லவே இல்லை, நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டேன், இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று முடியும் என்றா? முடியாது! சொன்னது உண்மை. முன்பு கேள்விப்பட்டதை வைத்துப் பேசாமல் இருந்தேன்; இப்போது ஆதாரத்தோடு பேசாமல் இருக்கிறேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா!

ஆனால் ஒன்று. அவர் சொன்னார் என்பது செய்தி. கழுத்து கோணல் என்பது அவருடைய கருத்து. செய்தியைச் சரிபார்க்கலாம். கருத்தோடு சண்டைதான் போட முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பேப்பரில் பாதியும் போனில் முக்காலும் நமக்கு வேறு மாதிரி தெரியும். என்ன? கடைசி வரிசையிலிருந்து ஏதோ சத்தம் வருகிறதே? "கோணல்தான்" என்கிறாரா? கேட்டது, கேட்டது. நாற்காலி திரும்பியிருந்தாலும் வாய் நேராகத்தான் இருக்கிறது! கருத்து சபைக் குறிப்பில் ஏற்றப்பட்டது. மேல்முறையீடு உண்டு.

தலைவர் பையைத் தேடி எழுந்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

ஆகவே!

யாரும் அடிக்கவில்லை. பார்த்தீர்களா, எவ்வளவு அழகான சொல்!

ஆகவே, என் அருமைப் பெரியோரே, தாய்மாரே, தோழரே! யாராவது சட்டம் வந்துவிட்டது என்றால், எந்தச் சபையில், எந்தப் படியில் என்று கேளுங்கள். எல்லோரும் சொல்கிறார்கள் என்றால், அந்த எல்லோருக்கும் வீடு எங்கே என்று கேளுங்கள். உங்களிடம் பொய் சொன்னவரை மறக்காதீர்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம், மறப்பது மட்டும் கூடாது. கோடு போடும்போதே பேசுங்கள். கத்தரி விழுந்த பிறகு அழுது பயனில்லை. உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், உங்களுக்குப் பிடித்தவருக்கு மட்டும் சொல்லாதீர்கள். பேசாதவருக்கும் சொல்லுங்கள். சுவரைப் பார்த்தாவது சொல்லுங்கள்!

நானும் ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். என் முதுகுக்குப் பின்னால் இந்த மேடைத் திரை தொங்குகிறதே, கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்களே, அந்தக் கயிறு நுழைகிற துளை ஒவ்வொன்றும் தெருக்கோடி வீட்டு மிஷினில் எடுத்த காஜா. விழா தொடங்குவதற்கு முன்னால் ஏறி நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தேன். ஒரு குற்றம் கிடைக்காதா என்றுதான் பார்த்தேன்.

ஒன்றுகூடக் கோணல் இல்லை.

இது கருத்து இல்லை, செய்தி. நம்பாதவர்கள் மேடைக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

மணியை இழந்தும் பொறுமை இழக்காத தலைவருக்கும், வாய் விட்டுச் சிரித்த தாய்மார்களுக்கும், விசிலடித்தே என்னோடு போட்டி போட்ட மைக்குக்கும், இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நன்றி. அந்தத் திருப்பிப் போட்ட நாற்காலி உட்பட.

வணக்கம்.